அலறல் கேட்கும் பெட்டி

ரஜிதாவைப் பற்றி யாராவது எழுதினால் பொறுமைசாலி, அமைதியானவள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். சுத்தப் பொய். பினாங்குத் தீவில் அவளைப் போல ஒரு முன்கோபக்காரியை நான் பார்த்ததில்லை. ஒரு சிப் சரியில்லை என்று முடிவு செய்துவிட்டால் அதைச் சுத்தியலால் நொறுக்கி, நொறுங்கியதைக் கூட்டிப் பெருக்கி, கையைக் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போகிறவள் அவள். அவளோடு கூட்டுத் தொழில் செய்கிறவன் நான். பெயர் யுகேந்திரன். அவள் பொருளைச் செய்வாள், நான் விற்பேன். என் இடது தோளில் இருக்கிற தழும்பு அந்தக் கூட்டில் எனக்குக் கிடைத்த முதல் லாபம்.

அவளுடைய பூட்டன் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக இங்கே வந்தவர். எங்கள் ஆட்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவர்களைப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று நான் அவளைச் சீண்டுவேன். நிழலில் உட்கார ஆசைப்பட்டிருந்தால் உங்களோடு எதற்குச் சேர்ந்திருப்பேன் என்பாள். படித்து முடித்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குக் கிடைத்தது உடைக்கிற வேலை. புதிதாகச் செய்த கருவிகளைக் கீழே போடுவது, உலுக்குவது, உறைய வைப்பது, சுடுவது, கடைசியில் எங்கே எப்படிச் செத்தது என்று கண்டுபிடிப்பது. அந்த வேலையை அவள் ரசித்துச் செய்தாள். அடி வாங்காத பொருளை நம்பக் கூடாது என்பது அவளுடைய வேதம்.

அம்மா நல்லம்மாவோடுதான் இருந்தாள். அப்பா முன்பே போய்விட்டார். மகளுக்கு வேலை நிரந்தரமானால் தைப்பூச ரதம் வரும்போது அவள் கையாலேயே நூற்றெட்டுத் தேங்காய் உடைக்க வைக்கிறேன் என்று நல்லம்மா வேண்டிக்கொண்டார். வேலை நிரந்தரமானது. அந்த வருடத் தைப்பூசத்துக்கு இரண்டு பேரும் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு வந்தார்கள்.

தண்ணீர்மலைக் கோயிலுக்கு ரதம் புறப்படுகிற நாளில் எங்கள் தெருக்களைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைக்குக் கடை தேங்காயை மலையாகக் குவித்து வைப்பார்கள். சீனர்கள் குவித்த மலையில் ஊதுபத்தி புகையும். ரதம் நெருங்கியதும் தமிழன், சீனன் என்று பார்க்காமல் எல்லாரும் இரண்டு கையாலும் எடுத்துத் தார்ச் சாலையில் ஓங்கி அடிப்பார்கள். யுத்தம்தான். ஓடு பறந்து கணுக்காலைக் கிழிக்கும். பக்கத்தில் நிற்கிறவன் காதில் கத்தினாலும் கேட்காது.

ரஜிதா உடைத்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் தேங்காய்த் தண்ணீர். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உடைத்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மகளுக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்து வருகிறேன் என்று நல்லம்மா சூலியா தெருவுக்குப் பின்னால் சந்தில் நிறுத்தியிருந்த காடிக்குப் போனார். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் அவர் கழுத்தில் கிடந்த தங்கக் கொடியைப் பிடித்து இழுத்தான். பழைய காலத்துக் கொடி, அறவில்லை. அறாததால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான். சந்தின் பாதி தூரம் இழுபட்டு, கால்வாய்க் கல்லில் தலை மோதிய பிறகுதான் கொடி அறுந்தது.

அந்தச் சந்தில் ஷாஹிராவின் நாணயமாற்றுக் கடைக்குப் பின்வாசல் இருக்கிறது. உள்ளேதான் இருந்தாள். என்னமோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, தேங்காய் என்று நினைத்தேன் என்று பிறகு அழுதாள். மகள் முன்தெருவில் கடைசித் தேங்காயை உடைத்து முடித்துவிட்டு அம்மாவைத் தேடி வந்தபோது கால்வாய்த் தண்ணீர் சிவந்திருந்தது. நல்லம்மா மருத்துவமனையில் கண்ணே திறக்காமல் போய்ச் சேர்ந்தார். இழுத்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

ரஜிதாவை அரித்தது திருடன் மட்டும் அல்ல. அம்மா கத்தியபோது அதை மூடிய சத்தம் தன் கையிலிருந்து வந்தது என்பதுதான். இதை அவள் என்னிடம் ஒரே தடவைதான் சொன்னாள், அதுவும் ஒரு சர்க்யூட் பலகையைப் பார்த்துக்கொண்டு. அதன்பின் அவள் தேங்காயைக் கையால் தொடவில்லை.

நான் அப்போது கடைகளுக்குக் கேமராவும் இரும்புக் கதவும் விற்றுக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தில் இருந்த கேமராவும் நான் மாட்டியதுதான். அதில் பதிவானதைப் பார்க்க வந்த ரஜிதா, ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாத இரண்டு பேரைப் பார்த்து முடித்துவிட்டு என் மேசைமேல் இருந்த கேமராவை எடுத்துச் சுவரில் அடித்தாள். பிறகு உட்கார்ந்து பேசினாள்.

"இது பாத்துக்கிட்டேதான் இருந்துச்சு அண்ணே. பாக்கற சாமான் போதும்லா. கேக்கற சாமான் ஒன்னு செய்யணும்."

வேலையை விட்டுவிட்டாள். நானும் என் சேமிப்பைப் போட்டேன். செய்ய நினைத்தது இதுதான்: டிபன் பெட்டி அளவில் சுவரில் மாட்டுகிற ஒரு பெட்டி. சந்தில் யாராவது அலறினால் அதற்குக் கேட்க வேண்டும். கேட்டதும் சந்திலும் சுற்றியுள்ள கடைகளுக்குள்ளும் சைரன் ஊத வேண்டும். தேங்காய் மழைக்கு நடுவிலும் ஒரு மனிதக் குரலைப் பிரித்தெடுக்க வேண்டும். தேங்காய்க்கெல்லாம் ஊதினால் பெட்டியைக் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். அலறலுக்கு ஊதாவிட்டால் இன்னொரு நல்லம்மா.

இந்த மாதிரிப் பெட்டிக்கு உயிர் உள்ளே இருக்கிற சிப்தான். மைக் காது என்றால் சிப் மூளை. ரஜிதா பலதையும் கழித்துவிட்டு மூன்றை மேசைமேல் வைத்தாள். பெயரெல்லாம் எழுத்தும் எண்ணுமாக என் வாயில் நுழையாது. நான் சின்னவன், நடுவன், பெரியவன் என்று பெயர் வைத்தேன். சின்னவன் கொள்ளை மலிவு, பேட்டரியையும் அவ்வளவாகக் குடிக்க மாட்டான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது சத்தம் பெரிதா சிறிதா என்பது மட்டும்தான். ஒரு தேங்காய் உடைத்ததுமே கூவினான். அன்றைக்கே சுத்தியல்.

நடுவன் கெட்டிக்காரன். வருகிற சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் சோதித்து, சோதித்ததைத் தூக்கி எறிந்துவிடுவான். பெரியவனுக்கு ஒலியைக் கணக்குப் போடவே உள்ளே தனி இடம் உண்டு; கடைசியாகக் கேட்ட சில விநாடிகளை முழுசாக நினைவில் வைத்துக்கொண்டு புரட்டிப் பார்ப்பான். விலை மூன்று மடங்கு. சூடாவான். பேட்டரியைப் பெரிதாக்க வேண்டும், பெட்டியையும் பெரிதாக்க வேண்டும். ஆர்டர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுவனோ நாளைக்கே கிடைப்பான்.

சத்தத்தை இணையத்தில் அனுப்பி வெளியூரில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரைக் கேட்டால் என்ன என்றும் நான் யோசனை சொன்னேன். ரதம் போகிற நாளில் கூட்டத்துக்குள் போன் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன். ஒரு 'ஹலோ' போகாது. கடைக்காரர்களும் தங்கள் பேச்சு வெளியே போவதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆக, பெட்டி தானே கேட்டு, தானே முடிவெடுத்து, தானே மறந்துவிட வேண்டும்.

சோதனை செய்ய ஜார்ஜ் டவுனில் இடம் கிடைக்காது. சுங்கை பாக்காப்பில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய கடையை வாடகைக்கு எடுத்தேன். அங்கேதான் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். நம் யோசனையை எவனாவது திருடிவிடுவான் என்று பயந்து, அக்கம்பக்கத்தில் கேட்டரிங் தொழில் என்று சொல்லிவைத்தேன். மூட்டை மூட்டையாகத் தேங்காய் வந்து இறங்கியது. பக்கத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முனுசாமி, எத்தனை பேருக்குத் தேங்காய்ப்பாலில் நாசி லெமாக் சோறு என்று அன்பாக விசாரித்தார். கல்யாண ஆர்டர் என்றேன்.

வேலை இப்படி நடந்தது. கொல்லையில் நான் தேங்காயை உடைப்பேன். அவள் தொட மாட்டாளே. கடைக்குள் அவள் நின்று அலறுவாள். மேசைமேல் நடுவனும் பெரியவனும், ஒவ்வொருவனுக்கும் ஒரு சிவப்பு விளக்கு. அலறலைக் கண்டுகொண்டவன் விளக்கு எரியும். வாரக்கணக்கில் இதுதான். இரண்டு விளக்கும் சேர்ந்தே எரிந்தன. நடுவனுக்கே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று நான் நச்சரித்தேன். அவள் மறுத்தாள். இது நடிப்பு அலறல், நாடகத்தில் கத்துகிற மாதிரி நீளமாக, சுத்தமாக இருக்கிறது, உண்மையாக அடிபடுகிறவன் இப்படிக் கத்த மாட்டான் என்றாள். அப்படியானால் யாரையாவது பிடித்து அடிக்கவா முடியும் என்று கேட்டேன். அவள் மேசை டிராயரில் தன் விரல்களை வைத்து ஓங்கிச் சாத்தினாள். நகம் இரண்டு கறுத்ததுதான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டாளே தவிரச் சத்தம் வரவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

கேட்டரிங் கடையிலிருந்து நாள் தவறாமல் ஒரு பெண் அலறுவதையும், கூடவே தடால் தடாலென்று அடி விழுவதையும் கேட்டுக்கொண்டே ஒரு நல்ல மனிதர் பக்கத்தில் இருந்தார் என்பதை நான் யோசிக்கவே இல்லை. விரலில் கட்டோடு அவள் வாசலில் நின்றதையும் அவர் பார்த்திருக்கிறார்.

அடுத்த சோதனையின்போது ரஜிதா அலறிக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் ஓட்டைக் கையில் பிடித்தபடி ஏதோ கேட்க உள்ளே வந்தேன். முன்கதவு திறந்தது. முனுசாமி இரும்புக் கம்பியோடும் தன் ஆட்கள் இரண்டு பேரோடும் வந்தார். பேச்சே இல்லை. முதல் அடி தோளில். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். அவருடைய ஆட்கள் தேங்காய்க் குவியலில் தடுக்கி, அது சரிந்து உருள, அதற்கு மேலேயே நின்று என்னை மிதித்தார்கள். விலாவில் ஒன்று, முகத்தில் ஒன்று. "பொம்பளைய அடிப்பியாடா" என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தடவை. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மூச்சு பாதியில் அறுந்து, உள்ளே இழுத்து, மறுபடி அறுந்து ஒரு சத்தம் வந்தது.

ரத்தம் வழிகிற கண்ணோடு ரஜிதாவைத் தேடினேன். ஐயா சாமி, அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவன் இருட்டாகக் கிடந்தான். பெரியவன் சிவப்பாக எரிந்தான். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் முனுசாமியின் கையைப் பிடித்தாள்.

"விட்டுடுங்கண்ணே. அவரு என்னை அடிக்கல. நாங்க மிஷின் செய்யறோம்."

முனுசாமியே என்னைத் தன் லாரியில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. ஓர் அலறலைக் கேட்டுவிட்டு ஓடி வந்த ஆள் அவர் ஒருவர்தான். கோபமெல்லாம் ரஜிதாமேல். தோளில் தகடு வைத்து நான் கட்டிலில் கிடக்கும்போது, உண்மையான அலறல் குட்டையாக, உடைந்து வருகிறது, நடுவன் வெட்டுகிற துண்டுகளுக்கும் தேங்காய் அடிகளுக்கும் நடுவில் அது விழுந்து தொலைந்துபோகிறது, பெரியவன் முழுசாக வைத்துப் பார்ப்பதால் சேர்த்துப் படித்துவிடுகிறான் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். பெரியவனுக்கே ஆர்டர் கொடு, என் கண் முன்னால் நிற்காதே என்றேன்.

பெட்டி முடிய வருடங்கள் ஆயின. முடிந்ததும் முதலில் ஷாஹிராவின் பின்வாசலில், அந்தச் சந்திலேயே மாட்டினோம். மற்றக் கடைக்காரர்கள் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தைப்பூசம் முடிந்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். அவர்களுக்காகப் பேசியவர் நகைக்கடை திருநாவுக்கரசு. விவரமான ஆள். அவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தச் சந்தில் திருடன் மாட்டினால் நாலு பேர் நாலு சாத்து சாத்தாமல் விட மாட்டார்கள். அப்போது அவன் அலறினால் பெட்டி என்ன செய்யும்? போலீஸ் ஓடி வந்துவிடுமே?

ரஜிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கத்துகிறவன் யோக்கியனா அயோக்கியனா என்று சிப்புக்குத் தெரியாது என்றாள். அதனால்தான் பெட்டியை அடக்கி வைக்க ஒரு சாவி போட்டிருக்கிறேன் என்று கழுத்துக் கயிற்றில் கோத்திருந்ததைக் காட்டினாள். "என் கையில ஒருத்தன் கிடைச்சான்னா, மொதல்ல பெட்டிய பூட்டிட்டுத்தான் அடிப்பேன்." திருநாவுக்கரசு திருப்தியாகத் தலையாட்டினார்.

ரத நாள் வந்தது. நான் முன்தெருவிலும் அவள் சந்து முனையிலும் நின்றோம். ரதம் வந்தது, தேங்காய் மழை தொடங்கியது. பெட்டி மூச்சு விடவில்லை. நான் சந்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு அவளிடம் கட்டை விரலைக் காட்டினேன். அவள் கவனிக்கவில்லை. கால்வாய்க் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷாஹிரா பின்வாசலைப் பூட்டிவிட்டுப் பையோடு திரும்பினாள். சந்தின் மறுமுனையிலிருந்து மோட்டார் வந்தது. பின்னால் இருந்தவன் குதித்து இறங்கினான், கையில் பாராங் வெட்டுக்கத்தி. பையை இழுத்தான். அவள் விடாமல் பிடித்தாள். கத்தி அவள் முன்கையில் இறங்கியது. தெருவில் ஆயிரம் தேங்காய் வெடித்துக்கொண்டிருக்க, ஷாஹிராவின் வாய் திறந்ததைத்தான் நான் பார்த்தேன். என் காதில் எதுவும் விழவில்லை. பெட்டி கேட்டது.

சைரன் சந்தைப் பிளந்தது. கடைகளுக்குள்ளிருந்தும் அதே ஊளை. மோட்டாரில் இருந்தவன் கூட்டாளியை விட்டுவிட்டுப் பறந்துவிட்டான். பாராங்காரன் திரும்பி எங்கள் பக்கமாக ஓடி வந்தான். சந்து முனையில் யாரோ மிச்சம் வைத்த தேங்காய் கொஞ்சம் கிடந்தது. ரஜிதா குனிந்தாள். இத்தனை வருடம் தொடாத கை. எடுத்து, தலைக்குமேல் தூக்கி, ஓங்கி அடித்தாள். அவன் முழங்காலில் பட்டது. கால் மடங்கி விழுந்தான். பாராங் தெறித்துக் கால்வாயில் விழுந்தது.

அவள் அதோடு நிற்கவில்லை. இன்னொன்றை எடுத்துக்கொண்டு அவன்மேல் ஏறி உட்கார்ந்தாள். முதலில் கத்தி பிடித்த கை, விரல்கள் நசுங்கின. அடுத்து தோள். அடுத்து தாடை, பல் சிதறியது. ஓடு உடைந்து அவள் உள்ளங்கையைக் கிழித்தது, தண்ணீரும் ரத்தமும் இருவர்மேலும் வழிந்தன. நான் ஒரு கையால் அவளை இழுத்தேன். என் தோளுக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஷாஹிராவைக் கடைக்காரர்கள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சைரன் ஓய்ந்துவிட்டது. ரஜிதா மூன்றாவது தேங்காயைத் தலைக்குமேல் தூக்கினாள். இந்த முறை அவனுடைய மண்டைக்கு நேராக.

அவன் அம்மா என்று கத்தினான். பாதியில் உடைந்த, மூச்சு அறுந்த கத்தல்.

பெட்டி ஊதியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதே சுவர், அதே கல், அவள் செய்த பெட்டி. இவனுக்காக ஊதிக்கொண்டிருந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது. அதற்குள் திருநாவுக்கரசும் இன்னும் பத்துப் பேரும் கட்டையோடு வந்துவிட்டார்கள். ஒருவன் கீழே கிடந்தவனை உதைத்தான். மறுபடி அலறல், மறுபடி சைரன். திருநாவுக்கரசு அவள் பக்கத்தில் குனிந்து, சாவியைக் கொடும்மா, பெட்டியைப் பூட்டிவிட்டு மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

அவள் தேங்காயைக் கீழே வைத்தாள். கழுத்திலிருந்த சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு, அவனுக்குக் குறுக்கே காலைப் பரப்பி நின்றாள்.

"கேட்டுடுச்சு அண்ணே. இனிமே யாருக்கும் கேக்கலன்னு சொல்ல முடியாது."

ஒருவன் அவளைத் தாண்டி அடிக்கப் பார்த்தான். அவனை முகத்தில் அறைந்தாள். அதன்பின் யாரும் நெருங்கவில்லை. போலீஸ் வருகிறவரை சைரன் ஊதிக்கொண்டே இருந்தது, அவளும் நின்றுகொண்டே இருந்தாள்.

ஷாஹிராவின் கையில் நரம்பு அறுந்துவிட்டது. இப்போது இடது கையால் பணம் எண்ணுகிறாள். திருடன் பிழைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். அன்று கிளினிக்கில் ரஜிதாவின் உள்ளங்கைக்குத் தையல் போடும்போது, எதற்காக நிறுத்தினாய் என்று கேட்டேன். ஊசியைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கம்மா எப்படிக் கத்தியிருப்பாங்கன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது. இன்னைக்குக் கேட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை.

அடுத்த மாதமே பெட்டியின் வடிவத்தை மாற்றினாள். உள்ளே பெரியவன்தான், அதில் கை வைக்கவில்லை. சாவித் துளையை மட்டும் எடுத்துவிட்டாள். இப்போது நாங்கள் விற்கிற எந்தப் பெட்டியையும் யாராலும் பூட்ட முடியாது, அவளாலும் முடியாது. திருநாவுக்கரசு சாவி இல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் மற்றக் கடைகளில் பேசிக்கொண்டிருக்கிறேன்.